பிக்-அப்பைத் தாழ்த்தினா தப்பா? குடும்பமா சேர்ந்து செஞ்சா தப்பில்ல

கோயில் தொண்டர்கள் சார்பா கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும். நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவுல ஒரு படம் வந்துச்சு. கிள்ளான்ல இருக்கிற நம்ம தொண்டர் குடும்பம் ஒண்ணு, தாத்தா ஓட்டின பழைய டட்சன் பிக்-அப்பைத் தாழ்த்தி, புது பெயிண்ட் அடிச்சு, வாகன பூஜைக்குக் கொண்டு வந்திருந்தாங்க. படத்துக்குக் கீழே உடனே கேள்வி: "ரௌடிப் பசங்க காடி மாதிரி இருக்கு, இதுக்கெல்லாம் கோயில்ல பூஜையா?"

பூஜை தாராளமா போடலாம்னுதான் நாங்க சொல்றோம். வண்டி எவ்வளவு தாழ்வா இருக்குன்னு பார்க்கிறதை விட்டுட்டு, அதை யார், எப்படி செஞ்சாங்கன்னு பாருங்க. அந்த வீட்ல அப்பாவும் பெரிய பையனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் பேச்சு ரொம்பக் கம்மி. ஆறு மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் ஒரே வண்டிக்குக் கீழே படுத்து நட்டு கழட்டினதுல பேச்சு தானா வந்துச்சு. தங்கச்சி துரு தேய்ச்சா, அம்மா பெயிண்ட் நிறம் சொன்னாங்க. பையன் ராத்திரி வெளியே சுத்துறதும் குறைஞ்சுது. நாம எத்தனையோ இளைஞர் முகாம் நடத்துறோம், இந்தப் பலன் எல்லாத்திலயும் கிடைச்சிருக்கா?

அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல சிமாயோன்னு ஒரு சின்ன ஊர். நாம பத்துமலைக்கு நடக்கிற மாதிரி, ஒவ்வொரு வருஷமும் புனித வெள்ளி சமயத்துல ஆயிரக்கணக்கான பேர் அங்க இருக்கிற தேவாலயத்துக்கு நடந்தே போவாங்க. அந்த வட்டாரத்துல காடியைத் தாழ்த்தி, சாமி படம் வரைஞ்சு ஓட்டுறதும் குடும்ப வழக்கம். டேவ் ஹராமில்யோங்கிறவர் 1969 ஃபோர்ட் எல்டிடி காடி ஒண்ணை அப்படி மாத்த ஆரம்பிச்சார். 1978-ல இறந்துட்டார். குடும்பத்தார் அதை விடாம செஞ்சு முடிச்சாங்க. 'டேவ்ஸ் ட்ரீம்'னு பேரு. இன்னைக்கு அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு. கலிஃபோர்னியாவுல 1958-லிருந்து ரொம்பத் தாழ்வான காடிக்குச் சட்டத்தடை இருந்துச்சு. 2024 ஜனவரி முதல் அதை எடுத்துட்டாங்க. ரௌடி வேலைன்னு பார்த்ததை இப்போ பண்பாடுன்னு மதிக்கிறாங்க.

அதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்ட மாட்டோம். நம்ம நாட்டுச் சட்டம் வேற. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, கிராண்டுல இருக்கிற விவரம் மாறுற அளவுக்கு எதையாவது மாத்தினா ஜேபிஜே அனுமதி வேணும். எஞ்சின், நிறம் ரெண்டும் இதுல அடக்கம். முதல்ல ஜேபிஜே, புஸ்பாகோம்ல கேளுங்க, அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க.

அடுத்தது பாதுகாப்பு. காசு மிச்சம்னு ஸ்பிரிங்கை வெட்டுறது, நெருப்புல காய்ச்சி உக்கார வைக்கிறது, ரெண்டும் வேண்டவே வேண்டாம். சூடுபட்ட ஸ்பிரிங்கோட பலம் போயிடும். பின்னாடி பட்டை ஸ்பிரிங் இருக்கிற பிக்-அப் பலதுல, சுமைக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வால்வு இருக்கும். வண்டியைத் தாழ்த்தினா, சுமை ஏத்தியிருக்குன்னு அது தப்பா எடுத்துக்கும். பின் பிரேக் அதிகமாப் பிடிக்கும். மழை ரோட்டுல காலி வண்டியோட பின் டயர் பூட்டிக்கிட்டா, ஃபெடரல் ஹைவேல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சு அந்த வால்வைச் சரி பண்ணுங்க. அலைன்மென்டும் ஹெட்லைட் உயரமும் பார்த்துடுங்க.

கோயில் வேலைக்கும் ஒரு வார்த்தை. தாழ்த்தின பிக்-அப்ல அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, தண்ணீர்ப் பந்தல் சாமான் ஏத்தாதீங்க. ஸ்பிரிங் இறங்க இடம் இல்லாம அச்சு சேசிஸ்ல இடிக்கும். சுமைக்கு வேற வண்டி இருக்கு. தைப்பூசமோ ஆடித் திருவிழாவோ, பின்னாடி பிள்ளைகளை நிக்க வச்சு ஓட்டுறது எந்த வண்டியிலயும் கூடாது. காது கிழியிற பாட்டும் வேண்டாம்.

பெரியவங்களுக்கு எங்க வேண்டுகோள்: "கோயில் வாசலுக்குக் கொண்டு வராதே"ன்னு பசங்களை விரட்டாதீங்க. விரட்டினா வண்டியோட சேர்த்து பையனும் போயிடுவான். "அனுமதி எடுத்தியா, பிரேக் பார்த்தியா"ன்னு கேளுங்க. அப்பாமாரே, பணம் மட்டும் குடுத்துட்டு ஒதுங்காதீங்க, கூட உக்காருங்க.

பத்திரம் சரியா இருக்கு, பிரேக் சரியா இருக்கு, குடும்பமே சேர்ந்து செஞ்சதுன்னா கொண்டு வாங்க. டயருக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வைக்க நாங்க இருக்கோம்.

எல்லாருக்கும் அம்பாள் துணை.