பத்து வரி நிரலுக்குப் பொதி எதற்கு?

மாணவ நண்பர்களே, கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்று வருகிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைப் பயன்படுத்துபவரிடமிருந்து ஒரு பத்தி அளவுக்கு எழுத்து வாங்க வேண்டும். அதற்காக ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்துவிட வேண்டும். அவர் எழுதி மூடியதும், எழுதியதை நிரல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். "இது என்ன பெரிய காரியம்? பத்து வரி போதுமே!" என்பீர்கள். அந்தப் பத்து வரியைத் தனி நூலகமாக்கி, பொதியாகக் கட்டி, முன்பின் தெரியாதவர்களும் எடுத்தாளும்படி வெளியிடுவது வீண் ஆடம்பரம் என்று கருதுவோர் பலர். அது அவசியமே என்பது என் கட்சி.

(நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். பல நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் நிரல் பகுதிகளின் தொகுப்புக்கு அப்படிப் பெயர். பொதி என்பது அதை வேறொரு கணிப்பொறியில் நிறுவும்படி கட்டிய மூட்டை.)

முதலில் அந்தப் பத்து வரி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 'கிட்' என்னும் மென்பொருளைக் கையாண்டவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். மாற்றங்களைப் பதிவு செய்யச் சொன்னால், குறிப்பு எழுத அது ஓர் எடிட்டரைத் திறக்கும். எந்த எடிட்டரை? நான் 'வி.ஐ.' பழகியவன், நீங்கள் 'நானோ'வை விரும்பலாம். நிரலுக்கு அது எப்படித் தெரியும்? யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இதற்கென ஒரு மரபு உண்டு. 'விஷுவல்', 'எடிட்டர்' என்ற பெயருள்ள இரண்டு சூழல் மாறிகளில் நாம் நம் விருப்பத்தைக் குறித்து வைக்கலாம். நிரல் முதலில் விஷுவலைப் பார்க்கும். அது காலியாக இருந்தால் எடிட்டரைப் பார்க்கும். இரண்டும் காலியானால் ஏதோ ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும்.

ஒரே செய்திக்கு இரண்டு மாறிகள் எதற்கு? 1970களின் தொடக்கத்தில் கணிப்பொறியோடு பேசத் திரை பரவலாக இல்லை. காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் கருவிதான் பல இடங்களில் இருந்தது. கென் தாம்ப்சன் எழுதிய 'இ.டி.' என்னும் எடிட்டர் அதற்கேற்ப வரிவரியாகத்தான் வேலை செய்யும். பிறகு திரை வந்தது. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் வி.ஐ.யை உருவாக்கினார். அந்தப் பெயரே விஷுவல் என்பதன் சுருக்கம்தான். திரை இருந்தால் இது, இல்லாவிட்டால் அது என்று குறிக்கவே இரண்டு மாறிகள். டெலிடைப் பொருட்காட்சிசாலைக்குப் போய்விட்டது. மாறிகள் மட்டும் இன்னும் இரண்டாகவே இருக்கின்றன!

எடிட்டர் தெரிந்துவிட்டது. இனி ஒரு தற்காலிகக் கோப்பு வேண்டும். அதன் பெயர் யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். ஏனெனில், பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் விஷமி ஒருவன் அதே பெயரில், உங்களுடைய வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை முன்கூட்டியே வைத்துவிடலாம். நீங்கள் எழுதுவது போய் அந்தக் கோப்பை அழிக்கும்.

பிறகு எடிட்டரை இயக்கி, அது முடியும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. சில எடிட்டர்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் தம் சாளரத்திடம் கோப்பை ஒப்படைத்துவிட்டு உடனே விடைபெற்றுவிடும். நிரலோ எழுதும் வேலை முடிந்தது என்று நம்பி, காலிக் கோப்பைப் படித்துக்கொண்டு நடையைக் கட்டும்! அதனால்தான் 'வி.எஸ். கோட்' எடிட்டரைக் குறிப்போர், 'காத்திரு' என்று பொருள்படும் சொல்லையும் கூடவே சேர்க்கிறார்கள். இப்போது மாறியில் இருப்பது ஒரு சொல் அன்று, இரண்டு. ஒரு சொல்தான் இருக்கும் என்று எண்ணி எழுதிய நிரல் அங்கே விழும். இன்னும் சில எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பைத் தொடுவதே இல்லை. புதுக் கோப்பில் எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. பழைய கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலுக்குப் புதிய எழுத்து கண்ணில் படாது. பெயரைச் சொல்லி மறுபடி திறந்தால்தான் கிடைக்கும்.

பத்து வரிக்குள் எத்தனை குழி, பார்த்தீர்களா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு குழியிலும் விழுந்துதான் எழ வேண்டுமா?

பொதி கட்டுவது வெறும் சுருட்டி வைக்கும் வேலை அன்று. பெயர், பதிப்பு எண், வேறு எந்த நூலகங்கள் தேவை என்ற பட்டியல், மாற்றக் குறிப்பு, உரிமம் ஆகிய அனைத்தும் வேண்டும். உரிமத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணையத்தில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எழுதியவர் எழுத்துமூலம் அனுமதி தராதவரை, அதைப் பிறர் வெளியிடப் பதிப்புரிமைச் சட்டம் இடந்தராது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தில் இந்தச் சோதனை கண்டிப்பானது. எடிட்டரைத் திறக்கும் நிரல் பயனர் குறித்த மாறியை மதிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அமைப்பின் பொது எடிட்டரைத் திறக்க வேண்டும் என்றுகூட அதன் கொள்கை ஏட்டில் விதி இருக்கிறது.

பொதியைச் சோதிப்பது எப்படி? சோதிக்கும் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து எழுத ஆள் கிடையாது, திரைகூட இராது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. எடிட்டர் என்ற மாறியில் போலி எடிட்டர் ஒன்றின் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அது கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு முடிந்துபோகும் குட்டி நிரல். அந்த வரி திரும்பி வந்தால் நூலகம் வேலை செய்கிறது என்று பொருள். இயற்பியல் ஆய்வகத்தில், மதிப்பு தெரிந்த மின்தடையை இணைத்து மீட்டரைச் சரிபார்க்கிறோமே, அதே முறைதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். 2016 மார்ச் 22 அன்று, சொற்களின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி நூலகம் ஒன்றை, அதை எழுதியவர் 'என்.பி.எம்.' கிடங்கிலிருந்து நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களைக் கட்ட முடியாமல் போயிற்று. சுமார் 2 மணி நேரத்தில் அதை மீட்டு வைத்தார்கள். நீக்கும் விதிகளையும் பிறகு இறுக்கினார்கள். 2024இல் நடந்தது இதைவிடக் கடுமை. 'எக்ஸ்.இசட்.' என்னும் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு திருட்டு வாசலைப் புகுத்தியிருந்தார்கள். அதைத் தூண்டிவிடும் பகுதி, எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட மூட்டைக்குள் மட்டும் இருந்தது! ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் வேறெதற்கோ வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவுக் கணிப்பொறிக்குள் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அதைத் துருவிப் போய்ப் பிடித்தார். அளவீட்டுப் பிழை என்று அதை அவர் தள்ளியிருந்தால்? நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

ஆகவே பொதியே கூடாது என்பது சரியா? நான் ஒப்பமாட்டேன். மூட்டையைக் கட்டியது எந்த மூலத்திலிருந்து என்று யாரும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைப்பது. ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் பிட்டுக்குப் பிட்டு ஒரே பொதி வர வேண்டும் என்று டெபியன் அன்பர்கள் 2013 முதல் பாடுபடுகிறார்கள். கட்டிய நேரம் உள்ளே பதிவானால்கூட இரண்டு பொதிகள் வேறுபட்டுவிடும் என்பதால் இது எளிதன்று. சிறு நூலகத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: பயன்படுத்துமுன் அதை முழுதும் படித்துவிடலாம். படிக்காமல் எடுத்தாள்வதுதான் தவறு.

பள்ளி, கல்லூரிகளில் மாணவர்களின் நிரல்களுக்கு எப்படி மதிப்பெண் இடுகிறோம்? எழுதியவரின் சொந்தக் கணிப்பொறியில் ஓடிக்காட்டினால் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். வேறோர் ஆய்வகத்தில் திரும்பச் செய்ய முடியாத சோதனையை இயற்பியலில் ஏற்பதில்லை. இங்கே மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? பாதி மதிப்பெண்ணையாவது, பக்கத்து மாணவரின் கணிப்பொறியில் அது நிறுவப்பட்டு ஓடுவதற்கென ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற விடுமுறையில் அந்தப் பத்து வரியை எழுதுங்கள். போலி எடிட்டர் ஒன்றும் செய்யுங்கள். உரிமம், பதிப்பு எண், நிறுவும் முறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வேறு ஊரிலுள்ள நண்பருக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் விளக்கம் சொல்லாதீர்கள். எங்கே தடுக்கிறது என்று அவரே எழுதி அனுப்பட்டும்.