ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் வலியும் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

வன்னியில் நாட்பட்ட வலியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு அநியாயம் நடக்கிறது. காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, இரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து முடியப் பகல் பன்னிரண்டு ஆகிவிடும். கடைசியில் இரண்டே வசனம்: “எல்லாம் நோர்மல். உங்களுக்கு ஒன்றுமில்லை.” கையில் ஒரு உறை பனடோல். வீட்டுக்கு வந்தால், “டொக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார், பிறகென்ன?” என்பார்கள். காலையில் நோயாளியாகப் போனவர் பின்னேரம் பொய்க்காரராகத் திரும்பி வருகிறார்.

அந்த “ஒன்றுமில்லை” என்ற சொல்லுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. அது மருத்துவமும் இல்லை, மார்க்கமும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை.

மருத்துவம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். வலி பற்றி ஆராய்கிறவர்களின் சர்வதேச சங்கம் 2020இல் வலிக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதிலே எழுதி வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் அந்த வலியே ஒரு நோயாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உலகம் ஏற்றுக்கொண்டதை எங்கள் ஊர் இன்னும் “சாட்டு” என்கிறது.

ரிப்போர்ட் நல்லாயிருந்தும் எப்படி வலிக்கும்? பாடசாலை மணியை நினைத்துப் பாருங்கள். ஆபத்து வந்தால் அடிக்கத்தான் மணி. அதன் சுவிட்ச் இறுகிப்போனால் ஆபத்து போன பிறகும் அது அடித்துக்கொண்டே இருக்கும். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிறவர் “இங்கே நெருப்பு இல்லையே” என்பார். நெருப்பு இல்லைதான். ஆனால் மணி அடிப்பது பொய்யா? 1983இல் கிளிபர்ட் வூல்ப் என்ற ஆய்வாளர் இதைத்தான் காட்டினார். காயத்துக்குப் பிறகு முள்ளந்தண்டு நரம்புகளே கூர்மையாகி, சின்னத் தொடுகையைக்கூடப் பெரிய வலியாக அனுப்பத் தொடங்கும். இது எக்ஸ்ரேயில் தெரியாது. இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

“அப்படியென்றால் இது மனநோய்தானே?” என்று உடனே கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது, அது எங்கள் கதைதான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த முஸ்லிம்களிடம் செஸ்மல் சிறிவர்தனவின் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். 2013இல் அது வெளியானது. 450 பேரிடம் கேட்டார்கள். யுத்தத்தைப் பார்த்தவர்களிடம் பயக்கனவும் திடுக்கிடலும்தான் அதிகம் இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். அது இருந்தது 2.4 சதவீதம் பேருக்கு. ஆனால் காரணம் பிடிபடாத உடல் உபாதைகள் 14 சதவீதம் பேருக்கு இருந்தன. அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு. தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் சாளம்பைக்குளத்திலும் விட்டுவிட்டு வந்த வீடு, தலையிடியாகவும் நாரி நோவாகவும் உடம்புக்குள் வந்து குடியிருந்தது.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்த எங்கள் தமிழ் உறவுகளின் உடம்பிலும் அதே குடியிருப்பு. ஒருவர் புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இருந்து வந்தார், மற்றவர் மெனிக்பாம் தறப்பாளுக்குக் கீழிருந்து வந்தார். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே பனடோல் கார்ட்.

மனம் பட்ட பாடு நரம்பைத் தொடுகிறது என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. கவலையில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லையே. அமெரிக்காவின் கொலராடோவில் நாட்பட்ட நாரி நோ உள்ள 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. மூளை வலியை எப்படிப் படிக்கிறது என்பதை விளக்கி, பயமில்லாமல் அசையப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை நான்கு வாரம் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போய்விட்டது, அல்லது போனது மாதிரி ஆகிவிட்டது. வழமையான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். செல் துண்டோடு வாழ்கிறவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுவதும் மருந்துதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

செல் துண்டு என்றதும் இன்னொன்று. உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். காந்தம் துண்டை அசைத்தால் ஆபத்து. கரண்ட் அடிப்பது போல, நெருப்பு வைத்தது போல வரும் நரம்பு வலிக்குப் பனடோல் பெரிதாக உதவாது. அதற்கு வேறு வகை மருந்துகள் உண்டு. அதில் ஒன்றான பிரிகாபலினைப் போதைக்காக விற்கிற கூட்டமும் நாட்டில் இருக்கிறது. ஆகவே அதைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், வைத்தியரின் கையால் மட்டும் வாங்குங்கள்.

கால் போனவர்களுக்கு, இல்லாத காலில் வலிக்கும். “இல்லாத கால் எப்படி நோகும்?” என்று சிரிக்கிறவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். இருக்கிற காலைக் கண்ணாடியில் பார்த்து அசைக்கும்போது, போன காலும் அசைகிறது என்று மூளை நம்புகிறது. இதை அமெரிக்க இராணுவத்தில் கால் இழந்தவர்களிடம் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். கண்ணாடியோடு பயிற்சி செய்த 6 பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று இல்லை. ஆனால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி என்ன விலை? இத்தனை பேர் கால் இழந்த மண்ணில் இதைச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆளில்லை என்றால் அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

இப்போது தலையிடிக்கு வருவோம். உலகத்தில் நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தலையிடிப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒற்றைத் தலையிடி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வெளிச்சம் கூசும், சத்தம் பிடிக்காது, சத்தி வரும். அது சோம்பல் இல்லை, மாமியாரைத் தவிர்க்கும் தந்திரமும் இல்லை.

எங்கள் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விடிய இரண்டு பனடோல், மத்தியானம் இரண்டு, இரவு இரண்டு. வருடக்கணக்காக. இங்கேதான் யாரும் சொல்லித்தராத விஷயம் இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் பனடோல் போட்டால், அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கும். கோடீன் கலந்த குளிசை என்றால் 10 நாளே போதும். குளிசை போடுவதால் தலையிடி, தலையிடி என்பதால் குளிசை. இந்தச் சுற்றை அறுக்க, குளிசையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதல் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரை, இடி கூடும். அதைத் தாண்டினால் பலருக்குக் குறையும். இதை முன்கூட்டியே சொல்லி, வைத்தியர் துணை நிற்காவிட்டால் அவர் மூன்றாம் நாளே திரும்பக் கார்டை உடைப்பார். குற்றம் அவருடையதா?

டைக்குளோபெனாக், இபுபுரூபன் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய் பரவியிருக்கிற பிரதேசத்தில் நாங்கள் வாழ்கிறோம். வவுனியாவில் அது எத்தனை வீட்டைக் காலி செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் குளிசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை. துண்டு இல்லாமல், “நோவுக்கு ஒன்று தாங்க” என்றதும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர்களே, கொடுப்பதற்கு முன் சிறுநீரகம் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெளிநாட்டில் புதுப் புது மருந்துகள் வருகின்றன. ஒற்றைத் தலையிடிக்கென்றே உருவாக்கிய, மாதம் ஒருமுறை போடுகிற ஊசி 2018இல் அமெரிக்காவில் வந்தது. 2006இல் பாகிஸ்தான் குடும்பங்களில் வலியே தெரியாத பிள்ளைகளை ஆராய்ந்து, நரம்பில் வலியைக் கடத்தும் ஒரு வாசலைக் கண்டுபிடித்தார்கள். தெருவில் நெருப்புத் தணலில் நடந்து வித்தை காட்டிய ஒரு பையன்தான் அந்த ஆய்வுக்கு வழி காட்டினான். வலி தெரியாததால் கூரையிலிருந்து குதித்து, 14 வயதுக்கு முன் மௌத்தாகிவிட்டான். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு வாசலை அடைக்கும் குளிசைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுவும் திடீர் வலிக்குத்தான், நாட்பட்ட வலிக்கு இல்லை.

இவை வன்னிக்கு எப்போது வரும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது பழைய, மலிவான மருந்து. ஒற்றைத் தலையிடி வராமல் தடுக்க புரோப்ரனோலோல் உண்டு, அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் தலையிடிக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? வைத்தியர் விளக்காமல் எழுதுகிறார். வீட்டில் மகன் நெட்டில் பார்த்து, “உம்மா, இது மனச்சோர்வு மருந்து” என்கிறான். குளிசை குப்பைக்குப் போகிறது. ஒரு நிமிடம் விளக்கம் சொல்லியிருந்தால் ஒரு வாழ்க்கை திருந்தியிருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து படுக்கிற பிள்ளையை “நடிக்கிறாள்” என்று சொல்லாதீர்கள். 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் ஒற்றைத் தலையிடிக்கு அமிட்ரிப்டிலினையும் டொபிராமேட்டையும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. வெறும் மாக்குளிசையைவிட அவை கூடுதலாக உதவவில்லை. ஆகவே பிள்ளைக்கு முதலில் வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், நித்திரை. காலைச் சாப்பாடு இல்லாமல் மூன்று மைல் நடந்து வருகிற பிள்ளையிடம் கணக்குக் கொப்பியைக் கேட்பதற்கு முன், “சாப்பிட்டாயா?” என்று கேட்பதும் வைத்தியம்தான்.

கடைசியாக, சபர். வலியால் துடிக்கும் பெண்ணிடம் “சபர் செய்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கே ஒற்றைத் தலையிடி வந்தது. இஹ்ராமுடைய நிலையிலும் அதற்குச் சிகிச்சை எடுத்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. இப்னு ஸீனா ஆயிரம் வருடத்துக்கு முன்பே வலியை 15 வகையாகப் பிரித்து எழுதினார். வைத்தியம் தேடுவது சபருக்கு எதிரானது இல்லை. மற்றவருடைய வலிக்கு சபர் சொல்வது மிக இலகு.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

1. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று மாவட்டத்திலும் நாட்பட்ட வலிக்கும் தலையிடிக்கும் கிழமையில் ஒரு நாள், ஒரு அறை, தமிழில் பேசிக் கேட்கிற ஒருவர். எந்த நாள், எந்த அறை என்று கிராமத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும்.

2. தடுப்பு மருந்துகள் தட்டுப்பாடில்லாமல் கிராமத்து ஆஸ்பத்திரி வரை வர வேண்டும். 2022இல் குளிசைக்கு அலைந்தது போல இனியும் அலைய முடியாது.

3. செயற்கைக் கால் கொடுக்கிற இடத்தில் கண்ணாடிப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

4. பள்ளிவாசல், கோயில், சர்ச் நிர்வாகங்கள் இதை மருத்துவ முகாமில் ஒரு தலைப்பாக எடுக்க வேண்டும். சீனியும் பிரஷரும் பார்த்து அனுப்பிவிடுவது போதாது.

வீட்டிலே நாம் செய்யக் கூடியதும் உண்டு. ஒரு பழைய கொப்பியில் தலையிடி வந்த நாள், நேரம், போட்ட குளிசை மூன்றையும் ஒரு மாதம் எழுதுங்கள். அதைக் கொண்டுபோய் வைத்தியர் முன் வையுங்கள். வாயால் சொல்வதைத் தட்டிவிடலாம், எழுதி வைத்ததைத் தட்டிவிடுவது கஷ்டம். ஆனால் இடி விழுந்தது போலத் திடீரென வந்த கடும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இயங்காமை, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் தலையிடி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலையிடி, இவற்றுக்குக் கொப்பி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த முறை ஒருவர் “நோகுது” என்றால், “ரிப்போர்ட் என்ன சொல்லுது?” என்று கேட்பதற்கு முன், “எங்கே, எப்போதிருந்து?” என்று கேளுங்கள்.

வீட்டில் இதை வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களிலும் போடுங்கள். உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று கொமன்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.