வினைமுதல் யார்?

ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் நம் இதழ்களில் ஒரு வாக்கியம் தவறாமல் அச்சேறுகிறது: "ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது." மரத்திலிருந்து காய் விழும், கூரையிலிருந்து ஓடு விழும். குண்டு அப்படி விழவில்லை. குண்டையே எழுவாயாக்கி, வீசியவரை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு நாம் இரங்கற்பா பாடிக்கொண்டிருக்கிறோம். "வீசப்பட்டது" என்று திருத்தினாலும் வினைமுதல் வெளியேதான் நிற்கிறது.

வினைமுதலைக் கண்டுபிடிப்பது கடினமன்று. 1945 மே மாதத்தில் அமெரிக்க ராணுவ அதிகாரிகளும் அறிவியலாளர்களும் கூடி அமர்ந்து இலக்கு நகரங்களைப் பட்டியலிட்டனர். அதிலிருந்த கியோட்டோவைப் போர்ச் செயலர் ஸ்டிம்சன் விடாப்பிடியாக நீக்கினார். பின்னர் நாகசாகி சேர்க்கப்பட்டது. ஆகஸ்டு 9 அன்று முதல் இலக்கான கொக்குரா கண்ணுக்குப் புலப்படாததால் விமானம் நாகசாகிக்குச் சென்றது. இதை 'விதி' என்று எழுதுவோர் உண்டு. பட்டியல் எழுதிய கை விதியின் கையன்று.

"அன்று வேறு வழியில்லை" என்பார்கள். வழி உண்டென்று திட்டத்துக்குள் இருந்தவர்களே எழுதினார்கள். முதலில் மனிதரற்ற பாலையிலோ தீவிலோ வெடித்துக் காட்டுங்கள் என்றது ஜூன் மாதத்து ஃபிராங்க் குழு அறிக்கை. ஜூலையில் ஸிலார்டின் மனுவில் 70 பேர் கையொப்பமிட்டனர். ஜோசப் ரோட்பிளாட் 1944 இறுதியிலேயே லாஸ் அலமோஸை விட்டு வெளியேறிவிட்டார். ஓப்பன்ஹைமர் உள்ளிட்ட நால்வர் குழுவோ, நேரடி ராணுவப் பயன்பாட்டுக்கு ஏற்கத்தக்க மாற்று எதையும் காணவில்லை என ஜூன் 16 அன்று எழுதிக்கொடுத்தது.

அதே ஓப்பன்ஹைமர் 1965இல் தொலைக்காட்சியில் கனத்த குரலில் கீதையை நினைவுகூர்ந்தார். நாம் பெருமிதத்தில் நெகிழ்ந்துபோனோம். கொல்வது காலம், மனிதன் வெறும் கருவி என்று கண்ணன் சொல்லும் இடம் அது. வினைமுதலை மறைக்க இதைவிட வசதியான இடம் ஏது?

போரை முடித்தது குண்டா, சோவியத்தின் போர்ப் பிரகடனமா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் வீசியவர் பெயர் அழியாது. சயாம் ரயில்பாதையில் தமிழ்த் தொழிலாளர்களைச் சாகடித்தது ஜப்பானிய ராணுவம் என்று நாம் தயங்காமல் எழுதுகிறோம். அங்கே இருக்கும் நேர்மை இங்கே எங்கே போயிற்று?

ஹிரோஷிமாவில் மட்டும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். அவர்களுக்கு நம் கண்ணீர் தேவையில்லை, சரியான வாக்கியம் போதும். வரும் ஆகஸ்டிலாவது எழுதுவோம்: அமெரிக்கா அணுகுண்டு வீசியது.