சாமிக்கு முகம் கொடுத்த ஆளுக்குப் பேர் இல்லை

டிஸ்கி: கொஞ்சம் சூடான பதிவு. ரவி வர்மா ரசிகர்கள் ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு வந்து படிக்கவும் :-)

போன வாரம் ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு வாக்குவாதம். கேரக்டர் டிசைன்னு பேச்சு ஆரம்பிச்சு, டிஸ்னி, மியாசாகின்னு ஒரு ரவுண்டு போயி, கடைசில நம்ம ஊரு காலண்டர் சாமி படத்துல வந்து நின்னுச்சு. "அதெல்லாம் ரவி வர்மா டெம்ப்ளேட்டுப்பா, மத்தவங்க எல்லாம் காப்பி"ன்னு நண்பர் ஒருத்தர் ஒரே வரில முடிச்சிட்டார். சுத்தி இருந்தவங்களும் தலையாட்டினாங்க. எனக்குத்தான் சோறு இறங்கலை.

சரி, கண்ணை மூடி முருகனை நினைங்க. உருண்டையான முகம், லேசான சிரிப்பு, நேரா உங்களையே பாக்கற கண்ணு, பின்னாடி மயில். வந்துச்சா? அந்த முகம் பழனி மூலவர்கிட்ட இருந்து வரலை, ரவி வர்மாகிட்ட இருந்தும் முழுசா வரலை. மதுரைல இருந்து திருநெல்வேலி போற ரயில்ல நடுவுல வருமே கோவில்பட்டி, அந்த ஊர்ல இருந்து வந்தது.

சி. கொண்டையராஜு. பிறந்தது 1898, இறந்தது 1976. மெட்ராஸ் ஓவியக் கல்லூரில படிச்சவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலைல ரமணர்கிட்ட இருந்திருக்கார். கல்யாணம் பண்ணிக்கலை. அப்புறம் நாடக கம்பெனிக்கு சீன் வரையப் போனார். 1940கள்ல கோவில்பட்டிலயே தங்கிட்டார். அங்க தேவி ஆர்ட் ஸ்டூடியோ. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம்னு சிஷ்யப் பிள்ளைங்க ஒரு பட்டாளமே உருவாச்சு. குருவும் சிஷ்யனும் சேர்ந்தே கையெழுத்துப் போட்ட படங்கள் இருக்கு. பக்கத்துல சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க ஆரம்பிச்ச அச்சுத்தொழில் காலண்டருக்குத் தாவினப்போ, வரையறதுக்கு ஆள் ரெடியா இருந்தாங்க. ஜவுளிக்கடை, மளிகைக்கடை பேர் போட்ட காலண்டரா அந்தப் படங்கள் வீடு வீடா நுழைஞ்சது.

ரவி வர்மாவை நான் குறைச்சுச் சொல்லலை. 1894ல பிரஸ் ஆரம்பிச்சு சாமியை வண்ண அச்சுல கொண்டு வந்தவர், அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. கொண்டையராஜுவும் அவர் படங்களைப் பாத்துக் கத்துக்கிட்டவர்தான். ஆனா ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரவி வர்மாவோட லட்சுமி தாமரைல நிக்கிற ஒரு அழகான பொண்ணு. நிழல், வெளிச்சம், உடம்போட கனம் எல்லாம் ஐரோப்பிய எண்ணெய் ஓவிய பாணி. கோவில்பட்டி லட்சுமி மேல எல்லாப் பக்கமும் வெளிச்சம். நகையில ஒரு கல் விடாம தெரியும். பின்னாடி மலை, அருவி, தூண், மடிச்சுக் கட்டின திரை. அது நாடக மேடைங்க! படுதா வரைஞ்ச கை, சாமிய மேடையில நிக்க வெச்சு திரையத் தூக்கிடுச்சு. கண்ணு நம்மள நேரா பாக்கறதும் அதுக்குத்தான். பூஜை ரூம்ல சூடம் காட்டுறவனுக்கு சாமி பதிலுக்குப் பாக்கணும். இது காப்பி இல்ல, வேற ரெக்வயர்மெண்ட், வேற டிசைன்.

இன்னொரு கூத்து. ஏ.பி. நாகராஜனோட திருவிளையாடல் (1965), கந்தன் கருணை (1967) செட்டைப் பாத்தா "காலண்டர் மாதிரி இருக்கு"ன்னு சிரிக்கிறோம். அவரும் நாடக கம்பெனில வளர்ந்தவர். ரெண்டுக்கும் பூர்வீகம் அதே படுதாதான். அந்தப் படுதா வரைஞ்சவங்கள்ல எத்தனை பேர் பேர் நமக்குத் தெரியும்? இன்னும் பின்னால போனா, நம்ம ஊரு மீனாட்சி கல்யாணப் படம். பெருமாள் தாரை வார்க்க, மீனாட்சி வெட்கத்துல நிக்கிற அந்தக் காட்சி கம்பத்தடி மண்டபத் தூண்ல கல்லா நிக்குது. தினம் ஆயிரம் பேர் கும்பிட்டுப் போறோம். செதுக்கினவர் யாருன்னு ஒருத்தராவது கேட்டோமா?

சிவகாசின்னதும் ஞாபகம் வருது, 1972ல முத்து காமிக்ஸ் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அந்த இரும்புக்கைக்கு உருவம் கொடுத்தது ஹெசுஸ் பிளாஸ்கோங்கற ஸ்பெயின்காரர். 1962ல அது வந்த வேலியண்ட் இதழ்லயும் ஓவியர் பேர் போடற வழக்கம் கிடையாது. வெள்ளைக்காரன் ஊர்லயும் இதே கதைதான். ஆனா அங்க ரசிகர்கள் தோண்டியெடுத்து பேரை மீட்டாங்க. நம்ம ஆளைத் தோண்டினது யாரு? ஸ்டீபன் இங்கிலிஸ், கனடாக்காரர். மதுரைப் பக்கம் ஐயனார் குதிரை செய்யற வேளார்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவர், கொண்டையராஜுவைப் பத்தியும் எழுதினார். நாம? "காலண்டர் ஆர்ட்"னு மட்டமா சொல்லிட்டு, ஜனவரி வந்தா பழைய படத்தை அரசமரத்தடில சாத்தி வெச்சிட்டு வந்துட்டோம். குப்பைல போட்டா பாவம்ங்கற பயம் சாமிக்கு மட்டும்தான், வரைஞ்சவனுக்குக் கிடையாது. ஆபீஸ்ல ஒரு வரி கோடு உடைஞ்சா யார் எழுதினதுன்னு கிட்ல பத்து செகண்ட்ல கண்டுபிடிச்சுத் திட்டறோம். கோடிப் பேர் கும்பிடற முகத்துக்கு அந்த வசதி இல்ல.

திருமங்கலத்துல எங்க அப்பத்தா வீட்டுல ஒரு முருகன் படம் இருக்கு. காலேஜ் லீவுல ஒட்டடை அடிக்கறப்போதான் ஓரத்துல சின்னதா ஆங்கில எழுத்துல அந்தக் கையெழுத்தைப் பாத்தேன். "யாரோ ராசுன்னு போட்டிருக்கு அப்பத்தா"ன்னேன். "அது கடைக்காரன் பேரா இருக்கும்டா, துடைச்சு வை"ன்னுச்சு. போன வருஷம் சட்டத்தைக் கரையான் அரிச்சிருச்சுன்னு பிரேம் மாத்தக் கொடுத்தோம். புது பிரேம் அளவு பத்தலைன்னு கடைல அடி ஓரத்தை ஒரு இன்ச் வெட்டிட்டாங்க. முருகன் பத்திரமா இருக்கார். கையெழுத்து போச்சு.