பழங்குடிகள் காட்சிப் பொருட்கள் அல்ல

உதகைக்கு வரும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளில் சில, பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்த பின் முத்தோரை பாலாடாவுக்கும் போகின்றன. அங்குள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய மக்களின் மாதிரிக் குடிசைகளும் புழங்கு பொருட்களும் உள்ளன. மாணவர்கள் அங்கே போக வேண்டியதுதான். ஆனால், எதைக் கற்றுத் திரும்புகிறார்கள்?

'அந்தக் காலத்து மனிதர்கள் இப்படி வாழ்ந்தார்கள்' என்ற எண்ணத்தோடு ஒரு மாணவி திரும்பினால், அவளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரியில் சுமார் 33 ஆயிரம் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இதே பாடப்புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள்.

மாதிரிக் குடிசையின் முன் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உண்மையான குடிசை நின்ற நிலம் இன்று யாரிடம் இருக்கிறது?

1820களில் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகை நகரை உருவாக்கியது தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலத்தில். பின்னர் தேயிலையும் யூகலிப்டசும் சீகை மரமும் புல்வெளிகளை விழுங்கின. கூடலூர், வயநாடு பகுதிகளில் பணியர்கள் ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. வில்லையும் தேன் குடுவையையும் காட்டுகிறவர்கள் இந்த வரலாற்றையும் சொல்ல வேண்டாமா?

சாதியச் சமூகம் தலித்துகளை ஊருக்கு வெளியே நிறுத்தியது. பழங்குடிகளைக் காலத்துக்கு வெளியே நிறுத்துகிறது. சமமான மனிதர்களாக ஏற்க மறுப்பதே இரண்டுக்கும் வேர்.

வேறு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் 2013இல் திறக்கப்பட்ட 'முதல் மக்கள்' காட்சியகத்தைத் தொல்குடி முதியவர்களும் சமூகப் பிரதிநிதிகளும் அடங்கிய குழு உடனிருந்து வடிவமைத்தது. தங்கள் கதையை அந்த மக்களே சொல்கிறார்கள். நிலம் பறிபோன கதையும் அதில் அடக்கம்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த முறை போகும்போது அந்தச் சமூகங்களைச் சேர்ந்த ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள். அவர் பேசட்டும், மாணவர்கள் கேட்கட்டும். ஆடிக் காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் வகுப்பிலேயே ஓர் இருளர் மாணவரோ பணியர் மாணவியோ இருந்தால், அவர்களைச் சுட்டிக்காட்டி விளக்கம் கொடுக்காதீர்கள். அவர்களும் மற்றவர்களைப் போலச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகள்தான்.