ஆங்கில நோட்டீஸ் யாருக்காக?

அடமான வீட்டின் மீது பாங்கு கை வைக்கப் போகிறது. அந்தச் செய்தியை வீட்டுக்காரனுக்கு எப்படிச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? இது வக்கீல்கள் பேசித் தீர்க்கும் சில்லறை விஷயமல்ல. தலைக்கு மேல் கூரை நிற்குமா, போகுமா என்ற கேள்வி!

1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் வெள்ளைக்காரன் செய்தது. ஏழைகளிடம் அவனுக்குப் பாசம் கிடையாது. அவன்கூட என்ன எழுதி வைத்தான்? சொத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்திலேயே தமுக்கடித்துச் சொல். உத்தரவின் நகலைப் பலரும் பார்க்கும்படி அங்கே ஒட்டு. கோர்ட்டிலும் ஒட்டு என்றான். தமுக்குச் சத்தம் எழுத்தறியாதவன் காதிலும் விழும்!

2002-ல் வந்த சர்பாசி சட்டமோ கோர்ட்டையே ஒதுக்கிவிட்டது. பாங்கு நோட்டீஸ் அனுப்பும். 60 நாள் கெடு. தவறினால் பாங்கே சொத்தைக் கைப்பற்றலாம். சிவில் கோர்ட்டுக்குப் போக 34-வது பிரிவு தடை. கைப்பற்றிய நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். தமிழ்நாட்டில் அது இருப்பதோ சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்றே நகரங்களில்!

இவ்வளவு பயங்கரமான கெடுவைத் தாங்கி வரும் காகிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. கைப்பற்றிய பிறகு பத்திரிகையில் போடும் விளம்பரத்தை உள்ளூர் மொழியிலும் போட வேண்டும் என்கிறது விதி. அதாவது, வீடு பறிபோன சேதியை ஊரார் தமிழில் படிக்கலாம். பறிபோகப் போகிறது என்பதை வீட்டுக்காரன் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும்! என்ன நியாயம் இது?

"கடன் வாங்கியவனுக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். கடன் இருப்பது தெரியும், ஐயா! கெடு ஆரம்பித்துவிட்டது என்பது தெரியுமா? நண்பனுக்காக வீட்டை ஜாமீன் வைத்தவனுக்குத் தெரியுமா? தகப்பன் இறந்தபின் அதே வீட்டில் வாழும் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

பெரிய கம்பெனி நொடித்தால் கதையே வேறு. 2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின்கீழ் வழக்கு ஏற்கப்பட்டதும், 14-வது பிரிவு சர்பாசி நடவடிக்கையையே நிறுத்தி வைக்கிறது. கம்பெனிக்கு மூச்சுவிட அவகாசம். குடிசைத் தொழிலாளிக்குப் புரியாத காகிதம்!

நாம் கேட்பது சலுகையல்ல. நோட்டீஸ் தமிழில் வர வேண்டும். கெடு தேதியும், முறையிட வேண்டிய இடமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரருக்கும் வாரிசுகளுக்கும் தனித்தனியே சேர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சொத்தின் மீது புது வில்லங்கம் ஏறினால், அன்றே சொந்தக்காரருக்குத் தகவல் போக வேண்டும்.

அதுவரை உழைப்பாளி மக்கள் ஏமாறக் கூடாது. நோட்டீஸ் வந்தால் பரண்மேல் போடாதீர்கள். உடனே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். 15 நாளுக்குள் பாங்கு பதில் சொல்லியாக வேண்டும். விவசாய நிலமானால் 31-வது பிரிவு விலக்களிக்கிறது, அதை எடுத்துக்காட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள்!