புகையை நிறுத்தவும் மருந்து எழுதுங்கள்

சாத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் நீட்டும் சீட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா எல்லாம் தெளிவாக இருக்கும். அடியில் ஒரு வரி: ‘புகைபிடிக்கக் கூடாது.’ அதற்கு மட்டும் மருந்தும் கிடையாது, அளவும் கிடையாது.

என் மனசு ஆறாத இடம் இதுதான். இதயத்தைக் கெடுத்ததில் பெரும் பங்கு புகைக்கு. அது விளைவித்த கேட்டுக்கெல்லாம் மாத்திரை. அதற்கு மட்டும் புத்திமதி.

மருந்து இல்லாமல் இல்லை. வரெனிக்ளின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2006-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் தவிப்பும் குறையும், இழுத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. அரை மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் அளவைக் கூட்டி, 12 வாரம் சாப்பிட வேண்டும். முதல் வாரம் பீடியை விட வேண்டியதில்லை, விடும் நாளைக் குறித்துக்கொண்டால் போதும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. குமட்டல் வரலாம், விநோதமான கனவுகள் வரலாம்; சாப்பிட்டுவிட்டு, தம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். இன்னொரு மருந்தான புப்ரோபியான், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் சீட்டு வேண்டும் என்பது இதனால்தான்.

வரெனிக்ளின் மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் மருந்தோடு வரும் தகவல் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருந்தார்கள். மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பயந்த அளவுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்து, அந்த ஆண்டே கட்டம் கட்டிய எச்சரிக்கையை அமெரிக்கா எடுத்துவிட்டது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வரெனிக்ளின், புப்ரோபியான் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் புகையை நிறுத்த என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் நிகோட்டின் சூயிங்கம்தான். “அண்ணாச்சி, அந்த மெல்லுற மாத்திரை குடுங்க.” இரண்டு மில்லிகிராமுக்குச் சீட்டு தேவையில்லை. அதை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சொல்லித் தர ஆளில்லாமல் மென்று விழுங்கி, விக்கல் எடுத்து, ‘இது சரிப்படாது’ என்று தூக்கிப் போட்டவர்கள் பலர்.

சிகரெட் பெட்டியில் 1800-11-2356 என்ற இலவச உதவி எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒன்று இரண்டாக வாங்குகிறவர் கண்ணில் அந்த எண் படுவது எப்படி? 12 வார மாத்திரைக்கான மொத்தப் பணத்தைக் கூலி வேலை செய்கிறவர் எப்படிப் புரட்டுவார்? “மனசு வெச்சா விட்டுரலாம்” என்று அவரிடம் சொல்வது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. மனசு வைத்துத்தான் அவர் கடை வாசல் வரை வந்திருக்கிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது. புகையை நிறுத்தும் மருந்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்து, அதே ஊழியர்களை வைத்து அரசு தொடர்ந்து விசாரிக்க வேண்டும். டாக்டர்கள் அந்தக் கடைசி வரியோடு நிறுத்தாமல் மருந்தின் பெயரையும் எழுத வேண்டும். அவர்கள் எழுதாவிட்டால், பீடி சிகரெட் பிடிக்கிற நீங்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: “டாக்டர், இதை விடுறதுக்கு எனக்கு என்ன மருந்து தருவீங்க?”